வெள்ளிக்கிழமைகளில் காணாமல் போன பூ

போன மாதம் உங்கள் இணையப் பத்திரிகைக் கூட்டத்துக்கு என்னைப் பேச அழைத்திருந்தீர்கள். சமோசா நன்றாக இருந்தது. பேச்சு முடிந்ததும் உங்களில் ஒரு பெண் எழுந்து, "ஆன்ட்டி, உங்க கரியர்லயே பிக்கஸ்ட் ஸ்டோரி எது?" என்று கேட்டாள். ஏதாவது ஒரு மேயர் மாட்டிக்கொண்ட கதையை எதிர்பார்த்திருப்பாள். நான் "ஒரு பூ" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். அதற்குள் ஹாலைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், கதை பாதியில் நின்றுவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். சிரித்தவர்கள் கடைசி வரை படிக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

தொண்ணூறுகளின் நடுவில், பிஸ்கட்டவே என்ற ஊரை ஒட்டிய ஒரு டவுன்ஷிப்பில் எங்கள் வாரப் பத்திரிகை நடந்தது. ஒரு ஹார்டுவேர் கடையின் மாடி. படியேறும்போது பெயின்ட் வாசனை வரும், மேலே வந்தால் பக்கங்களை அட்டையில் ஒட்டுகிற மெழுகின் வாசனை. மூலையில் ஒரு பேக்ஸ் மெஷின் நாள் முழுக்க முனகிக்கொண்டிருக்கும். செவ்வாய்க்கிழமை வந்த பீட்சாவை வியாழக்கிழமை வரை சாப்பிடுவோம். இப்போது அந்த மாடியில் புருவம் திருத்துகிற கடை இருக்கிறது. ஒருமுறை போனேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எடிட்டர் மேஜை இங்கேதானே இருந்தது என்று தலையைத் திருப்பினேன். "மூவ் பண்ணாதீங்க ஆன்ட்டி" என்று அந்தப் பெண் அதட்டினாள்.

நான் மாம்பலத்துக்காரி. கணவருக்கு மருந்து கம்பெனியில் வேலை. கிரீன் கார்டு வரும் வரை வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து சுவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவள், கார்டு கையில் வந்ததும் முதலில் கிடைத்த வேலையில் சேர்ந்தேன். சர்ச்சில் பழைய துணி விற்பனை, பள்ளிக்கூடத்தில் இந்த வாரம் மதியச் சாப்பாடு என்ன, இதையெல்லாம் டைப் அடிக்கிற வேலை. கொஞ்ச நாளில் கவுன்சில் கூட்டம், எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று முடிவு செய்கிற மண்டலக் குழுக் கூட்டம் என்று யாரும் போக விரும்பாத இடங்களுக்கெல்லாம் என்னை அனுப்பினார்கள். கூடவே போலீஸ் பத்தியும் என் தலையில் விழுந்தது.

போலீஸ் பத்தி என்றால் ஏதோ கொலை, கொள்ளை என்று நினைக்காதீர்கள். திங்கட்கிழமை காலை ஸ்டேஷனுக்குப் போய், போன வாரம் என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். யாரோ தபால் பெட்டியைப் பேஸ்பால் மட்டையால் உடைத்தார்கள். குப்பைத்தொட்டியில் ரக்கூன் மாட்டிக்கொண்டது. இதுதான் எங்கள் ஊர்க் குற்றம். வழக்குப் பதிவானவர்கள் என்றால் மட்டும் பெயரும் தெருவும் போடுவோம். அதில் எடிட்டர் மகா கறார். கவுன்சிலரோ கடைக்காரரோ, எவர் வந்து கெஞ்சினாலும் பெயரை எடுக்க மாட்டார். அவர் பேசியது ஆங்கிலம், என் காதில் விழுந்தபடி சொல்கிறேன்: "ஒருத்தர் பேரை எடுத்தா, மிச்சம் இருக்கற பேரையெல்லாம் நாமளே பொறுக்கி எடுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்." இன்னொன்றும் சொல்வார். எத்தனை சின்னச் செய்தியானாலும் அதற்கு இரண்டு வீட்டு வாசல் உண்டு. இரண்டையும் தட்டிவிட்டு வந்து என்னோடு சண்டை போடு என்பார்.

அந்த மே மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு பெயரைப் பார்த்து என் பேனா நின்றுவிட்டது. அசல் தமிழ்ப் பெயர். அதுவும் கொங்கு நாட்டுப் பெயர். குற்றம்: பூத் திருட்டு.

பெரியவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. ஒருமுறை அச்சில் ஏற்றியது போதும். அவர் கோபிசெட்டிபாளையம் பக்கம். மகனைப் பார்க்க மனைவியோடு ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்திருந்தார். மகனைச் செந்தில் என்று வைத்துக்கொள்வோம். சாப்ட்வேர்க்காரன். பொங்கல் விழாவில் எனக்குச் சாம்பார் ஊற்றிய பழக்கம், என்னை அக்கா என்று கூப்பிடுவான்.

நடந்தது இதுதான். ஊரில் பெரியவர் விடியற்காலையில் நடக்கப் போவார், போகிற வழியில் காம்பவுண்டு சுவருக்கு வெளியே எட்டிப் பார்க்கிற செம்பருத்தியையும் அரளியையும் சாமிக்கு நாலு பறித்துக்கொள்வார். அதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நம் அப்பாக்கள் எல்லோரும் செய்ததுதான். இங்கே வந்து பார்த்தார். எந்த வீட்டுக்கும் காம்பவுண்டு சுவரே இல்லை. புல்தரை நேராகச் சாலையில் வந்து முடிகிறது. சாலை ஓரத்தில், தபால் பெட்டிக் கம்பத்தைச் சுற்றி, பாத்தி கட்டிப் பூச்செடி. பார்க்கில் வைக்கிற மாதிரி முனிசிபாலிட்டிக்காரன் வைத்தது என்று முடிவு கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை பூஜைக்கு மட்டும் பறித்தார். ஏப்ரலில் டாஃபடில், அப்புறம் ட்யூலிப், மே கடைசியில் பியோனி. பியோனியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு கையும் சேர்த்துப் பிடிக்கிற அளவுக்கு இளஞ்சிவப்பாகப் பூக்கும். பெரியவர் அதில் தாமரையைக் கண்டுவிட்டார். மகாலட்சுமிக்குத் தாமரை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தவரை, அந்த வீட்டுக்காரி கதவுக்குப் பின்னால் நின்று பார்த்து போலீஸைக் கூப்பிட்டுவிட்டாள். போலீஸ்காரர் கண்டித்து அனுப்பலாம் என்றிருக்கிறார். அவள் விடவில்லை. கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தாள். முனிசிபல் கோர்ட்டில் வழக்கு.

நான் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் செந்திலின் போன்.

"அக்கா, ஸ்டேஷனுக்குப் போனீங்களா? பாத்துட்டீங்களா?"

"பாத்தேன்."

"பிளீஸ்க்கா, அந்த ஐட்டத்தை மட்டும் டிராப் பண்ணிடுங்க. என் ஆபீஸ்ல எல்லாரும் அந்தப் பேப்பர் படிக்கறாங்க. திருட்டுன்னு ரெக்கார்ட்ல ஏறிட்டா அப்பாவுக்கு மறுபடி விசா குடுப்பாங்களா? அவரால இனி இங்க வரவே முடியாம போயிடுங்க்கா."

குரல் உடைந்துவிட்டது. ஒரே பிள்ளை. வருஷம் ஒருமுறை அப்பா அம்மாவைக் கூட்டிவர வேண்டும் என்றே ஒரு பெட்ரூம் அதிகமாக வீடு வாங்கியவன். அவனுக்கு அடுத்து தமிழ்ச் சங்கத்து ஆன்ட்டி ஒருவர் கூப்பிட்டார். "நம்ம மனுஷாளை நாமே காட்டிக் குடுக்கறதா? நீ அங்க உக்காந்திருந்து என்ன பிரயோஜனம்?" என்றார். எங்கள் ஊரில் அப்போது தமிழ்க் குடும்பங்கள் இத்தனை கிடையாது. ஒரு வீட்டில் கோபித்துக்கொண்டால், ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக்கொண்டு போகிற எல்லா வீட்டு பாட்லக்கிலும் தெரியும்.

எனக்கு இன்னொரு விஷயமும் தெரிந்திருந்தது, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. மண்டலக் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து கொட்டாவி விட்டதில் கற்றுக்கொண்டது. சாலை விளிம்பிலிருந்து சில அடி வரைக்கும் இடம் டவுன்ஷிப்புடையது. புல் வெட்டுவது வீட்டுக்காரர் பொறுப்பு, உரிமை மட்டும் ஊருக்கு. அந்த வருடம் பனி தள்ளும் வண்டிக்கு இடைஞ்சல் என்று சாலையோரக் கல், வேலி, செடி எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி கவுன்சிலில் ஒரே களேபரம். தபால் பெட்டியைச் சுற்றியிருந்த அந்தப் பாத்தி முழுக்க ஊர் நிலத்தில் இருந்தது. பெரியவர் எதுவும் தெரியாமல் நினைத்துக்கொண்டது, சட்டப்படி பார்த்தால் பாதி சரி! இதைச் செந்தில் காதில் போட்டால் வக்கீல் கோர்ட்டில் எடுத்து வைப்பார். வழக்கு நிற்பது கஷ்டம். அடுத்த வாரமே டவுன்ஷிப் ஆட்கள் வந்து அந்த அம்மாவின் பாத்தியைத் தோண்டிப் போடுவார்கள்.

எடிட்டரிடம் போய் நின்றேன். பெயரை எடுக்க முடியுமா என்று கேட்கவில்லை, பதில் தெரியும். நிலத்து விஷயத்தைச் சொன்னேன். பென்சிலைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"இது ரகசியமா?"

"இல்ல. யார் வேணும்னாலும் டவுன்ஹால்ல போய்ப் பாக்கலாம்."

"அப்ப ஒளிக்கறதுக்கு நீ யாரு? ஆனா ஒரு பக்கத்துக்கு மட்டும் கிசுகிசுன்னு சொன்னேன்னா, நீ ரிப்போர்ட்டர் இல்ல, வக்கீல். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே வார்த்தையில சொல்லு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாருக்கு வலிக்குமோ அவங்க வீட்டுக்கு முதல்ல போ" என்றார்.

அந்த அம்மாவை டோரத்தி என்று வைத்துக்கொள்வோம். பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். கதவை முழுதாகத் திறக்காமல் என்னைப் பார்த்தார். என் நெற்றிப் பொட்டைப் பார்த்ததும் முகம் இறுகியது. எதற்கு வந்திருக்கிறேன் என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

"மன்னிப்புக் கேக்க அனுப்பினாங்களா?"

"இல்ல. நான் பேப்பர்லேர்ந்து வர்றேன். உங்க பக்கத்தைக் கேக்க வந்தேன்."

அவர் பக்கம் கொட்டியது. டாஃபடில் போனபோது மான் தின்றது என்று நினைத்தாராம். ட்யூலிப் போனபோது, தான் பஸ்ஸில் அதட்டிய பிள்ளைகள் வளர்ந்து வந்து பழி வாங்குகிறார்கள் என்று நினைத்தாராம். பயந்து கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். பியோனிக்காகத்தான் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறேன், அது இருப்பதே கொஞ்ச நாள்தான் என்றார். கண் கலங்கியது, அதற்கும் கோபப்பட்டார்.

நிலத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. "நான் தண்ணி ஊத்தினேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கிளம்பும்போது கூப்பிட்டார்.

"அந்த ஆள் பூவை என்னதான் பண்றார்?"

"சாமிக்கு வைக்கறார். வெள்ளிக்கிழமை மட்டும்."

"வீட்டுல ஜாடியில வைக்கறதில்லையா?"

"இல்ல. சாமிக்கு வைக்கற பூவை மோந்துகூடப் பாக்க மாட்டோம்."

"பியோனியவா?" என்றார். "மோந்தே பாக்கலையா அவர்?" திருட்டை விட அதுதான் அவருக்குப் பெரிய குற்றமாகப் பட்டது போலிருந்தது.

அங்கிருந்து செந்தில் வீடு. பெரியவர் சோபா நுனியில், யாரோ வீட்டில் உட்கார்ந்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. டோரத்தியிடம் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னேன். செந்தில் துள்ளி எழுந்தான்.

"அக்கா, சூப்பர்! அப்ப அது அவங்க லேண்டே இல்ல! இதைப் பேப்பர்ல போடுங்க. ஃபுல்லா போடுங்க!"

போடாதீர்கள் என்று போனில் அழுத அதே வாய். மகனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பெரியவர் பேசினார்.

"நானும் ரோட்டோரம் இருக்கறது புறம்போக்குன்னு நெனச்சுத்தான் பறிச்சேனுங்க அம்மணி. அந்தம்மா வெச்சதுன்னு தெரியாது."

"அதாம்ப்பா! புறம்போக்குதான்! நாம ஜெயிச்சிடலாம்!"

"சும்மா இருடா. நெலம் யாருதா வேணா இருக்கட்டும். தண்ணி ஊத்துனது அந்தம்மா. பூ அவங்களுது. வெள்ளிக்கெழமையும் அதுவுமா திருட்டுப் பூவையா சாமிக்குப் போட்டேன்னு நெனச்சா எனக்குச் சோறு எறங்கல." என் பக்கம் திரும்பினார். "தெரியாம பறிச்சுட்டேன்னு எழுதுங்க. வேற ஒண்ணும் எழுத வேண்டாமுங்க."

"பேரும் வருங்க ஐயா."

"நான்தான பறிச்சேன்? என் பேருதான வரணும்?"

நான் காரில் உட்கார்ந்து அழுதேன். அதைச் சொல்ல வெட்கமில்லை.

அந்த வியாழக்கிழமை செய்தி வந்தது. மூன்று வரி. பெயர், தெரு, வழக்கு. கூடவே அவர் கேட்ட ஒரு வாக்கியம்: அந்தச் செடி ஒரு வீட்டுக்காரருடையது என்று தெரியாமல் பறித்துவிட்டதாக அவர் கூறினார். நிலத்தைப் பற்றி எழுதவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும், இருவரில் யார் அதைக் கோர்ட்டில் சொன்னாலும் எழுதலாம் என்று எடிட்டர் சொல்லிவிட்டார். செந்தில் போன் செய்து, "பேரைப் போட்டுட்டீங்களேக்கா" என்றான். அதோடு பேச்சு நின்றது. அடுத்த பாட்லக்கில் என் புளியோதரை அப்படியே திரும்பி வந்தது. உள்ளூர்ச் செய்திக்காரர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: நீங்கள் எழுதுகிறவர்களையே காய்கறிக் கடையில் சந்திப்பீர்கள். தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வரிசைக்குப் போகத் தோன்றும். போகாதீர்கள், நின்று வணக்கம் சொல்லுங்கள்.

கோர்ட் நாளன்று நானும் போனேன். செந்தில் வைத்த வக்கீல் டவுன்ஹாலில் இருந்து வரைபடத்தின் நகலோடு வந்திருந்தார். பெரியவரிடம், அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அவர் வேட்டியைத் துறந்து மகனுடைய பேன்ட்டில், பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் இருந்தார். தாழ்வாரத்தில் டோரத்தி வருவதைப் பார்த்தேன். பஸ் ஓட்டிய காலத்து ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு விறைப்பாக வந்தார். அவர் கண் முதலில் போனது வக்கீல் கையிலிருந்த அந்த வரைபடத்துக்கு.

பெரியவர் எழுந்து நின்றார். செந்தில் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவர் கை கூப்பி, வீட்டில் உருப்போட்டு வந்திருந்த ஆங்கிலத்தை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"சாரி மேடம். யுவர் பிளவர். யுவர் லேண்ட்."

வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். கையில் இருந்த ஒரே துருப்புச் சீட்டைக் கட்சிக்காரரே எதிராளியிடம் நீட்டிவிட்டார்!

டோரத்தி வரைபடத்திலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். "பெல் அடிச்சிருக்கலாமே" என்றார். செந்தில் தமிழில் சொன்னான். பெரியவர் தலையாட்டினார். டோரத்தி உள்ளே போய் அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் ஏதோ பேசினார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நீதிபதி தள்ளுபடி செய்தார். வரைபடம் உறைக்குள்ளேயே திரும்பிப் போனது.

அடுத்த வாரம் அதே பத்தியில், அதே எழுத்தில், அதே இடத்தில் அந்த முடிவையும் போட்டோம். எடிட்டர் அளவுகோல் வைத்துப் பார்த்தார். குற்றத்தைப் போட்டுவிட்டு விடுதலையைப் போடாத பத்திரிகைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் திரையில் நடத்துகிறீர்கள், உங்களுக்கு இடப் பஞ்சம் என்ற சாக்கும் கிடையாது.

அந்தக் கோடை முழுக்க, பெரியவர் ஊருக்குத் திரும்பும் வரை, வெள்ளிக்கிழமை காலையில் டோரத்தி வீட்டு மணி அடித்தது. அவரே கத்தரியால் வெட்டி, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போகாமல் கையை நீட்டிக் கொடுப்பாராம். இதெல்லாம் சங்கத்து ஆன்ட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். செந்தில் அப்போதும் என்னோடு பேசவில்லை.

மறு வருடம் பெரியவரின் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன். அவர்கள் வரவில்லை. ஜூன் முதல் வாரத்தில் ஆபீஸில் போன் அடித்தது. டோரத்தி.

"இந்த வருஷம் யாரும் பூ எடுக்கல" என்றார்.

"அப்படியா?" என்றேன்.

"பியோனி தலையைத் தொங்கப் போட்டுட்டு இருக்கு. சும்மா சொல்லணும்னு தோணிச்சு. அவர் நல்லா இருக்காரா?"

எடிட்டரிடம் சொன்னேன். பென்சிலை வாயிலிருந்து எடுத்தார். "போலீஸ் பத்தியில போடு."

"அவங்க போலீஸ்ல சொல்லலையே. என்கிட்ட இல்ல சொன்னாங்க?"

"அப்ப போலீஸ்ல சொல்லச் சொல்லு."

டோரத்தி சொன்னார். ஸ்டேஷனில் போனை எடுத்தவர் என்ன நினைத்தாரோ, கர்ம சிரத்தையாக எழுதி வைத்திருந்தார். திங்கட்கிழமை நான் அதை எழுதிக்கொண்டு வந்தேன். உடைந்த தபால் பெட்டிக்கும் ரக்கூனுக்கும் நடுவில் வியாழக்கிழமை அது வந்தது:

"இந்த வசந்தத்தில் தன் வீட்டு வாசலிலிருந்து ஒரு பூவும் காணாமல் போகவில்லை என்று ஒரு பெண்மணி காவல்துறையிடம் தெரிவித்தார்."

அன்று மத்தியானம் என் மேஜை போன் அடித்தது. எடுத்தேன்.

"அக்கா, செந்தில் பேசறேன்" என்றான். "இந்த வாரப் பேப்பர் ஒரு எக்ஸ்ட்ரா காப்பி கெடைக்குங்களா? அப்பாவுக்கு அனுப்பணும்."